மூப்பும் பிணியும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கத்தார் எம்மிடம் வந்து, முதியோருக்கு வரும் நோய்களைப் பற்றி ஆண்டு விழாவிலே பேச வேண்டும் என்று கேட்டனர். வாலிபர் கூடிய அவையிலே முதுமையைப் பற்றிய பேச்சா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆனால், நமது ஊரிலே ஒரு முதியவருக்கு நோய் கண்டால், அதனை முதன்முதற் காண்பவர் வைத்தியர் அல்லர். வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளை காண்கிறான். அடுத்த வீட்டு வாலிபன் காண்கிறான். கண்டவன் அதற்கு என்ன பெயர் சொல்லுகிறான் என்பதைப் பொறுத்தே மற்றவை எல்லாம் நடக்கின்றன. ஆதலின் இப்பொருள் உங்களுக்கே உரியது. நாம் வைத்தியரல்லேம். எழுபதைக் கடந்துவிட்டோம் என்பது ஒன்றே எமது தகுதி. நூல்களிற் படித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கின்றோம். குற்றங் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள்க.

நமது ஊர்ப் பேச்சிலே இரண்டு வசனங்கள் வழங்குகின்றன. ஒன்று, "வயது போட்டுது." மற்றது, "அறளை பேந்திட்டுது." ஒருவர் நடக்கத் தள்ளாடினால், வயது போட்டுது. சாப்பாடு செல்லாவிட்டால், வயது போட்டுது. கண் தெரியாவிட்டால், காது கேளாவிட்டால், அதுவும் வயதுதான். சொன்னதையே திரும்பச் சொன்னால், அறளை பேந்திட்டுது. இவற்றைச் சொல்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், இரக்கத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆயினும் இவ்வசனங்களைச் சொன்ன மாத்திரத்திலே விசாரணை முடிந்துவிடுகிறது. வயதுக்கு மருந்தில்லை, ஆகவே வைத்தியரிடம் போக வேண்டியதுமில்லை என்று ஆகிவிடுகிறது.

இது கப்பல் கட்டிய ஊர். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி' நமது கரையிலே கட்டப்பட்ட பாய்க்கப்பல் என்பதைச் சிறுவரும் அறிவர். பழங்கப்பல் ஒன்று நீர் உள்வாங்கினால், நமது முன்னோர் "கப்பல் பழசு" என்று கைவிட்டார்களா? கரையேற்றி, கலப்பற்று விட்டுப்போயிற்றா, ஆணி துருப்பிடித்ததா, கடற்புழு பலகையை அரித்ததா என்று இடம் இடமாகத் தட்டிப் பார்த்தார்கள். பழமை எல்லாக் கப்பலுக்கும் பொது. ஓட்டை எங்கே என்பது கப்பலுக்குக் கப்பல் வேறு. மரக்கலத்துக்குச் செய்த இவ்விசாரணையை மனிதருக்குச் செய்யாதிருப்பது நியாயமாகுமா?

இனி, மூப்பு என்பது நோய்தானா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது பழைய கேள்வி. நரை, திரை, மூப்பு, பிணி, சாக்காடு என்று நம்மவர் அடுக்கிச் சொல்லும்போது, மூப்பையும் பிணியையும் இரண்டாகவே எண்ணினர். சித்தார்த்தர் அரண்மனைக்கு வெளியே கண்ட காட்சிகளிலும் முதியவர் வேறு, நோயாளி வேறு. நமது சமயாசாரியருள் அப்பர் சுவாமிகளைப் பாருங்கள். அவரைச் சூலை நோய் வருத்தியது முதுமையில் அன்று. எண்பத்தோராண்டு வாழ்ந்தார் என்று சொல்லப்படும் அப்பெருமான், தளர்ந்த காலத்திலும் உழவாரப் படையைக் கீழே வைத்தாரில்லை. மூப்பும் பிணியும் ஒன்றாயின் இது எப்படிக் கூடும்?

வடமொழி வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளது. அந்நூல் நோய்களை ஏழு வகையாகப் பிரிக்கின்றது. அவற்றுட் கடைசி வகை இயல்பினால் வருவது. பசி, தாகம், நித்திரை, மூப்பு, மரணம் என்பன அவ்வகையைச் சேர்ந்தன. பசியோடு சேர்த்து எண்ணியதைக் கவனியுங்கள். பசி துன்பந் தருவதுதான். ஆனால் பசி வந்தவனை நோயாளி என்று நாம் சொல்வதில்லை. அதன் மேலும், இவை காலத்தில் வருவன, அகாலத்தில் வருவன என்று இருவகைப்படும் என்கின்றது அந்நூல். உடம்பைப் பேணியும் வருவது கால மூப்பு; பேணாமையால் முந்தி வருவது அகால மூப்பு. தடுக்க முடியாததையும் தடுக்கக்கூடியதையும் இவ்வாறு பிரித்து வைத்தமை பெரிய அறிவு அன்றோ?

வகைப்படுத்தல் எப்போதும் ஒரே வழியிற் சென்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சித்த வைத்தியர் வாழ்நாளை மூன்று கூறாக்கி, முதற் கூற்றில் வாதமும், நடுக் கூற்றிற் பித்தமும், இறுதிக் கூற்றிற் கபமும் மேலோங்கும் என்பர். ஆயுர்வேதியர் இதனை மாற்றி, இளமையிற் கபம், முதுமையில் வாதம் என்பர். இரு சாராரும் முதியவரையே பார்த்தனர். ஒருவர் கண்ணுக்குச் சளியும் இருமலும் முன்னின்றன, மற்றவர் கண்ணுக்கு வறட்சியும் நடுக்கமும் மூட்டு நோவும் முன்னின்றன என்று நாம் கருதுகின்றோம். எந்தப் பெட்டியை முன்னே வைக்கின்றோமோ, அதற்கு ஏற்றபடியே நோயும் தோற்றுகின்றது.

மேனாட்டிலும் இப்படியே நிகழ்ந்தது. 1906ஆம் ஆண்டில் ஜேர்மனி தேசத்து வைத்தியர் அல்சைமர், ஐம்பது வயதளவில் நினைவு குலைந்து, பின் இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, தாம் கண்டதை வைத்தியர் சபையிலே எடுத்துரைத்தார். 1910இல் அந்நோய்க்கு அவர் பெயரே இடப்பட்டது. ஆனால் நெடுங்காலம் வரை அப்பெயர், வயது முதிருமுன் நினைவு கெட்டவர்களுக்கு மாத்திரமே வழங்கியது. அதே குறிகள் எழுபத்தைந்து வயதில் வந்தால், அது முதுமை என்று ஒதுக்கப்பட்டது. 1976இல் அமெரிக்க வைத்தியர் கற்ஸ்மன், இரண்டும் ஒரே நோய்தான் என்று எழுதினார். அதன் பின்னரே கோடிக்கணக்கான முதியவர்களின் துன்பம் ஆராய்ச்சிக்குரிய நோயாக மதிக்கப்பட்டது. ஆக, "அறளை" என்று நாம் சொன்னதைப் படித்தவர்களும் எழுபது ஆண்டுகள் வேறு மொழியிற் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்திலே 1935ஆம் ஆண்டளவில் மார்ஜரி வாரன் என்ற வைத்திய அம்மையாரின் பொறுப்பில், ஏழைகளின் விடுதியைச் சார்ந்த பழைய ஆஸ்பத்திரி ஒன்று ஒப்படைக்கப்பட்டது. அங்கே 700க்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். அவர்களுட் பலர் முதியோர். இன்ன நோய் என்ற தீர்ப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தவர்களும் உளர். அம்மையார் புதிய மருந்து ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒவ்வொருவரையும் சோதித்து, எழுந்து நடக்கக் கூடியவர், படுக்கையோடு இருப்பவர், மனங் குழம்பியவர் என்று வகைப்படுத்தினார். வகைக்கு ஏற்ற பயிற்சியும் சிகிச்சையும் கொடுத்தார். படுத்த படுக்கையாயிருந்த பலர் எழுந்து நடந்தனர். பலர் வீடு திரும்பினர். முதியோர் வைத்தியம் இங்கிலாந்தில் வேரூன்றியது இவ்வாறே. தமிழ்நாட்டிலே டாக்டர் வ. செ. நடராசன் அவர்கள் சென்னை அரசினர் பொது ஆஸ்பத்திரியில் 1978ஆம் ஆண்டில் முதியோருக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார் என்பதையும் இங்கே நினைவு கூர்வோம்.

இக்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நோய்களுக்கும் இலக்கமிட்டு ஒரு பெரும் பட்டியல் வைத்திருக்கின்றது. பட்டியலின் பத்தாம் பதிப்பிலே 'மூப்புத் தளர்ச்சி' என்ற பொருளில் ஓர் இலக்கம் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பிலே, அதனிடத்தில் 'முதுமை' என்றே எழுத ஏற்பாடாயிற்று. பல தேசங்களிலும் முதியோர் சங்கங்களும் வைத்தியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். முதுமையை நோயென்று எழுதினால், உண்மையான நோயை வைத்தியர் தேடார். முதியவர்களுக்குச் செலவழிப்பது வீண் என்ற எண்ணமும் வளரும் என்பது அவர்கள் வாதம். ஈற்றில் அச்சொல் நீக்கப்பட்டு, 'வயதோடு கூடி உடலின் உள்ளாற்றல் குறைதல்' என்ற கருத்துடைய தொடர் வைக்கப்பட்டது. அப்பதிப்பிலே, ஒரு நோய் முதுமையைச் சார்ந்தது என்று காட்டுவதற்குத் தனிக் குறியீடு ஒன்றும் சேர்க்கப்பட்டது. உடம்பு சூழ்நிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறனை விடாது குறைப்பதும், வயது ஏற ஏற முற்றுவதுமான நோய்ச் செயல்களால் வருவது என்பது அக்குறியீட்டின் பொருள். முதுமை சார்ந்த நோய்க்கு இதனை நல்ல வரைவிலக்கணமாகக் கொள்ளலாம்.

மற்றொரு வழியும் உண்டு. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிலே, 293 நோய்களை எடுத்துக்கொண்டு, வயது கூடக் கூட எவை வேகமாகப் பெருகுகின்றன என்று கணக்கிட்டனர். 92 நோய்கள் அவ்வாறு பெருகுவன எனக் கண்டனர். பின்னர் ஒவ்வொரு தேசத்தையும் அளந்து பார்த்தனர். உலகச் சராசரியில் 65 வயதினர் சுமக்கும் நோய்ப்பாரத்தை, யப்பான் தேசத்தவர் 76 வயதிலேதான் சுமக்கின்றனர். பப்புவா நியூகினித் தேசத்தவரோ 46 வயதிலேயே சுமக்கின்றனர். இடையில் முப்பது ஆண்டுகள்! இதனை மூப்பின் குற்றம் என்று சொல்லலாமா? உணவும் உழைப்பும் வைத்திய வசதியும் செய்த வேற்றுமை இது. சுசுருதர் சொன்ன அகால மூப்பு இலக்கத்தில் எழுதப்பட்டுவிட்டது என்றே நாம் எண்ணுகின்றோம்.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு, வீட்டிலிருந்து பார்க்கும் நமக்குப் பயன்படத்தக்கதாக நான்கு வகை சொல்லுவோம்.

முதலாவது, பருவ மாற்றங்கள். நரை, தோற் சுருக்கம், நாற்பதை அடுத்து வரும் வெள்ளெழுத்து, நித்திரை குறைதல், தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று சற்றுப் பிந்தி வருதல் என்பன. இவை ஏறக்குறைய எல்லார்க்கும் வருவன, நோய் அல்ல. மூக்குக்கண்ணாடி ஒன்று போதுமானவிடத்துக் கவலைப்பட வேண்டுவதில்லை.

இரண்டாவது, மூப்பிலே வேரூன்றிய நோய்கள். வயதோடு பெருகுவன, ஆனால் எல்லார்க்கும் வருவன அல்ல. கண்புரை, எலும்பு நலிவு, முழங்கால் தேய்வு, பாரிசவாதம், நடுக்குவாதம், அல்சைமர் நோய், புற்றுநோய்களுட் பல என்பன இதில் அடங்கும். இவற்றையும் மூன்றாகப் பிரிக்கலாம். சத்திரசிகிச்சையாற் போக்கத்தக்கது கண்புரை. தடுத்தும் அடக்கியும் வைக்கத்தக்கன பாரிசவாதமும் எலும்பு நலிவும். முற்றாகப் போக்க முடியாவிடினும் அன்பாலும் பழக்கத்தாலும் தாங்கத்தக்கது அல்சைமர் நோய். வாலிபர்களே, பாரிசவாதத்துக்கு வித்தாகிய இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகைப்பழக்கமும் உங்கள் வயதிலேயே விதைக்கப்படுகின்றன என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, எவ்வயதிலும் வரத்தக்கவையாயினும், முதியவரிடத்து வேடம் மாறி வரும் நோய்கள். இளைஞனுக்குச் சுவாசப்பை அழற்சி வந்தாற் காய்ச்சல் கொதிக்கும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வு மாத்திரம் இருக்கலாம். மாரடைப்பு, நெஞ்சு நோவின்றி மூச்சுமுட்டாக வரலாம். மனச்சோர்வு, கண்ணீர் இன்றி மௌனமாக வரலாம். தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்தாலும், விற்றமின் பீ12 குறைந்தாலும் ஞாபகம் மங்கலாம்.

இவ்விடத்தில் எமது வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளின் முன், எமது தாயார் எண்பத்திரண்டு வயதில் ஓரிரவு திடீரென்று பேச்சு மாறினார். முப்பது வருடத்துக்கு முன் கடலோடு போன எம் மாமனாரை வாசலில் நிற்பதாகச் சொல்லி, சோறு போடு என்றார். எம்மை அடையாளம் தெரியவில்லை. நாம் என்ன செய்தோம்? அறளை பேந்திட்டுது என்றோம். சுற்றத்தாரும் வந்து பார்த்து, வயதுதானே என்று ஆறுதல் சொல்லிப் போயினர். மூன்று நாட்கள் அப்படியே விட்டிருந்தோம். நான்காம் நாள் எமது தங்கை பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சிறுநீரிலே கிருமி என்றார் வைத்தியர். மருந்து கொடுத்து ஒரு கிழமைக்குள் தாயார் தெளிந்துவிட்டார். தெளிந்தவர் எம்மைப் பார்த்து, "நான் எங்கையடா போய் வந்தனான்?" என்று கேட்டார். அதன்பின் நான்கு வருடம் இருந்தார். கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொல்லுகிறவர் எங்கே பிழைவிட்டார் என்று வீட்டுக்கு வந்து சொல்லுவார். அந்த மூன்று நாட்களை நினைத்தால் எமக்கு இன்றும் நெஞ்சு சுடுகின்றது.

அன்று எமக்குத் தெரியாத ஒன்றை இன்று நீங்கள் தெரிந்து செல்லுங்கள். ஞாபகமும் புத்தியும் மாதங்களாக, ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குறைந்தால், அது மூளையைப் பற்றிய நோயாக இருக்கலாம், சாவகாசமாக ஆராயலாம். மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ திடீரெனக் குழம்பினால், உடம்பில் எங்கோ ஒரு புது நோய் ஒளிந்திருக்கிறது. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இன்றைய கூட்டத்திலே இவ்வொன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தாலும் நாம் வந்த காரியம் முடிந்தது.

நான்காவது, பல காரணங்கள் கூடி ஒரே தோற்றமாய் வருவன. பேராசிரியர் பேர்னாட் ஐசக்ஸ், முதியோரைப் பிடிக்கும் நான்கு பூதங்கள் என்று இவற்றைச் சொன்னார்: நடமாட்டம் இழத்தல், விழுதல், மலசலம் அடக்க முடியாமை, மனக்குழப்பம். ஒருவர் விழுந்தார் என்றால் அது ஒரு நோயின் பெயர் அன்று. கண்புரை ஒரு பங்கு, கால் பலவீனம் ஒரு பங்கு, இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மருந்தினால் எழும்போது வரும் தலைச்சுற்று ஒரு பங்கு, கிணற்றடிப் பாசி ஒரு பங்கு. கரையேற்றிய கப்பலைப் போல இடம் இடமாகப் பார்த்தாலே இது புலப்படும். 'நலிவு' என்பதும் இவ்வகையே. 2001ஆம் ஆண்டில் லிண்டா பிரீட் என்ற அமெரிக்க அம்மையாரும் உடன் ஆராய்ந்தோரும் அதற்கு ஐந்து குறிகள் வகுத்தனர்: தானாக உடல் மெலிதல், களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல். மூன்று குறி இருந்தால் நலிவு. ஒன்று இரண்டு இருந்தால் நலிவின் வாசல். வாசலில் நிற்பவரை நல்ல உணவாலும் உடற்பயிற்சியாலும் மீட்க இடமுண்டு. ஆச்சி மெலிந்து போகிறா, படலையடிக்கு வரவும் பஞ்சிப்படுகிறா என்று நீங்கள் கண்டால், அந்த வாசலைக் கண்டீர்கள்.

நம் நாட்டிலே அறுபது வயதைக் கடந்தோர், 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். அதன் பின்னும் தொகை ஏறியே வருகிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டிலேயே 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் நமது ஊரிலே பெரிய வீடுகளில் ஒருவரும் இருவருமாக முதியோர் இருக்கிறார்கள். பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருந்து, கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பணம் அனுப்புகிறார்கள், அன்பும் உண்டு. ஆனால் தொலைபேசித் திரையிலே நடையின் தளர்ச்சி தெரியாது. தாய் கதிரையில் இருந்தபடியேதான் பேசுகிறாள். அதைக் காணும் கண் உங்களிடத்தில் உள்ளது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். தெருத் தெருவாகத் தனித்திருக்கும் முதியோரின் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை போங்கள். நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம். அது வைத்தியர் வேலை. சென்ற மாதத்தை விட என்ன மாறியது என்று மாத்திரம் பாருங்கள். விழுந்தாரா? மெலிந்தாரா? வீட்டுக்குள்ளே நடை எப்படி? கண்ணும் காதும் எப்படி? குடிக்கும் மருந்துகள் எத்தனை, எல்லாம் ஒரு வைத்தியருக்குத் தெரியுமா? ஒரு கொப்பியில் எழுதிவைத்து, வைத்தியரிடம் போகும்போது கையிற் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்ல ஆளில்லாதவரை ஒருவர் கூட்டிச் செல்லுங்கள். பெரியோர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளைகள் கேட்கும்போது "எனக்கொன்றுமில்லை, வயதுதான்" என்று மறைக்காதீர்கள். நாமும் அக்குற்றம் செய்பவரே. மூப்பை மாற்றி இளமை தருவோம் என்று விளம்பரஞ் செய்து விற்கும் மருந்துகளுக்கும் காசு கொடாதீர்கள்.

எல்லா நோய்க்கும் தீர்வு உண்டு என்று நாம் சொல்லவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்தபின், செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லும் காலமும் வரும். 2022ஆம் ஆண்டில் தொண்ணூற்றாறு வயதில் இறந்த இங்கிலாந்து மகாராணியாரின் மரணச் சான்றிதழில், காரணம் முதுமை என்றே எழுதப்பட்டது. எல்லாம் பார்த்து முடித்த பின் எழுதும் கடைசிச் சொல் அது. தேடத் தொடங்குமுன் சொல்லும் முதற் சொல்லாக அதனை நாம் ஆக்கிவிடக் கூடாது.

நமது சிவன் கோயிலிலே வாலாம்பிகையோடு எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு வைத்தீசுவரன் என்பது திருநாமம். அப்பெருமான் சந்நிதியிலே தூணைப் பிடித்து நின்று கும்பிடும் முதியவர்களை நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் காண்கிறீர்கள். இந்த வெள்ளி ஒருவரைக் காணாவிட்டால், வயது போட்டுது என்று சொல்லாமல், அவர் வீட்டுப் படலையைத் திறந்து போய்ப் பாருங்கள்.